பிரேக் விளக்கு எரிந்தால் ஆயில் ஊற்றினால் போதுமா?

கேள்வி: சேலத்தில் இருக்கிறேன். ஆறு வருடமான சின்ன கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வளைவில் திரும்பும்போது சிவப்பு பிரேக் விளக்கு எரிந்து எரிந்து அணைகிறது. ஒரு மெக்கானிக் பிரேக் ஆயில் ஊற்றினால் சரியாகிவிடும் என்கிறார். இன்னொருவர், பெடலை மிதிக்கும்போது ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையே மாற்றச் சொல்கிறார். அடுத்த வாரம் குடும்பத்தோடு ஏற்காடு போகிறோம். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இருவர் பேச்சையும் கேட்க வேண்டாம். ஹேண்ட்பிரேக் முழுதாக இறங்குகிறதா என்று பாருங்கள். அதற்கும் இதே விளக்குதான். அது சரியாக இருந்தால், சமதளத்தில் நிறுத்தி பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். ஆயில் 'மின்' (MIN, குறைந்தபட்ச அளவு) கோட்டை ஒட்டி நிற்கும். திரும்பும்போது அது ஒரு பக்கம் சாய, உள்ளே இருக்கும் மிதவை இறங்கி விளக்கை எரிய வைக்கிறது.

சரி, குறைந்த ஆயில் எங்கே போனது? இன்ஜின் ஆயில் மாதிரி இது எரிந்து குறையாது. சக்கரத்தின் தட்டைப் பிடித்து நிறுத்தும் டிஸ்க் பேடு தேயத் தேய, அதைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும். காரணம் அதுதான் என்றால் பேடை மாற்றுங்கள், மட்டம் தானாக ஏறும். இப்போதே நிறைய ஊற்றிவிட்டால் புது பேடு போடும்போது வழிந்து பெயின்டை அரித்துவிடும்.

பேடு தேயவில்லையென்றால் கசிவுதான். நான்கு சக்கரங்களின் உள்பக்கமும், பிரேக் பெடலுக்கு மேலேயும் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். வெளியே எங்கும் கசிவில்லாமல் பெடல் மட்டும் மெல்ல மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகிக்கலாம். இந்தச் சோதனை இல்லாமல் அதற்குப் பணம் கொடுக்காதீர்கள். மாற்றினால் பழையதைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

ஆயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று தெரியாதென்றால் இப்போதே முழுதாக மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 (DOT 4) என்ற தரத்துப் புது ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 வரை இறங்கலாம். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் ஆயில் கொதித்து, குமிழி உண்டாகி, பெடல் தரை வரை போகலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. ஆயில் டப்பாவின் மூடியில் டாட் 3 அல்லது 4 என்று எழுதியிருக்கும், அதையே சீல் உடைக்காத சின்ன பாட்டிலாக வாங்குங்கள். டாட் 5 வேறு வகை, கலக்கக் கூடாது.

விளக்கு அணையாமல் நின்றாலோ பெடல் மெத்தென்று இருந்தாலோ வண்டியை எடுக்காதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.