போர் தண்ணியில் மட்டி வருமா?

கேள்வி: பெல்ஜியத்தில் வேலை பார்க்கும் மகன், அங்கே துறைமுகத்தில் அமெரிக்க மட்டி ஒன்று குழாய்க்குள் எல்லாம் புகுந்து பெருகுகிறது, அரை உப்புத் தண்ணிதான் அதற்குப் பிடிக்கும் என்கிறான். எங்கள் போர் தண்ணியில் டி.டி.எஸ் 2,500 காட்டுகிறது. இங்கே வந்தால் பிழைக்குமுங்களா?
– ஒரு வாசகி, பெருமாநல்லூர்

பதில்: ஈரோட்டுக் கல்லூரியில் பிள்ளைகளுக்கு மட்டி அறுக்கச் சொல்லிக் கொடுத்தே தலை நரைத்தவனிடம் கேட்டிருக்கிறீர்கள், அம்மணி. மகன் சொல்வது ராஞ்சியா என்ற மட்டி. பூர்வீகம் மெக்சிகோ வளைகுடா. லூசியானாவில் இதன் ஓட்டைக் கொட்டியே ரோடு போட்டிருக்கிறார்கள், அத்தனை தடிமன். 2005-ல் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில், ஓர் ஆலையின் குளிர்நீர்க் குழாயில் அகப்பட்டது. ஐரோப்பாவில் அதுதான் முதல் தடவை. சரக்கை இறக்கிய கப்பல் பாரத்துக்காகத் தண்ணீரை நிரப்பிக்கொள்ளும். நீந்தித் திரியும் பருவத்தில் இருக்கும் குஞ்சுகள் அதில் ஏறி வந்திருக்கும் என்று கருதுகிறார்கள்.

சரி, உங்கள் போருக்கு வருவோம். டி.டி.எஸ் என்பது தண்ணியில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு. 2,500 என்றால் லிட்டருக்கு இரண்டரை கிராம். கடலில் 35. ராஞ்சியாவின் முட்டையும் குஞ்சும் தேற 2 முதல் 10 கிராம் வேண்டும். எண்ணை மட்டும் பார்த்தால் உங்கள் போர் பாஸ்! ஆனால் கழிமுகத்தில் உப்பு ஏறி இறங்கும். அந்த மாற்றம்தான் அதை முட்டையிடத் தூண்டும். வளர்ந்த மட்டி நல்ல தண்ணியிலும் நெடுநாள் கிடக்கும், வம்சம் விளங்காது. அப்புறம் சோறு? மட்டி தண்ணியை வடிகட்டித்தான் சாப்பிடும். வகுப்பில் கலங்கல் தண்ணித் தொட்டியில் ஆற்று மட்டிகளைப் போட்டு வைப்பேன். மத்தியானத்துக்குள் அடியில் கிடக்கும் மணல் தெரியும். வெளிச்சமே படாத போரில் வடிகட்ட நுண்பாசிக்கு எங்கே போகும்? உங்கள் குடத்தில் வெள்ளையாகப் படிவதும் பெரும்பாலும் சுண்ணாம்புதான், கடலுப்பு அல்ல.

கவலைப்பட வேண்டியவர்கள் எண்ணூர்க்காரர்கள். அங்கே தென்னமெரிக்காவின் ‘காக்கா ஆழி’ என்ற மட்டி கொசஸ்தலை ஆற்றின் அடித்தரையைப் பாய் விரித்த மாதிரி மூடிவிட்டது. சேற்றைத் தடவிக் கையால் இறால் பிடித்தவர்களுக்குப் பிழைப்பு போச்சு.

கேள்வி: தொட்டியில் வளர்த்த டேங்க் கிளீனர் மீன் பெரிதாகிவிட்டது. குளத்தில் விடலாமா?
– ஒரு வாசகர், சிங்காநல்லூர்

பதில்: வேண்டவே வேண்டாமுங்க. அதுவும் தென்னமெரிக்கச் சரக்குதான். கரையைக் குடையும், முள்ளால் வலையைக் கிழிக்கும். வாங்கின கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள்.