கார்ட் ரேஸ் கேம்களுக்குள் டிபக் (பிழை தேடும்) மெனுவையும் பாவிக்காத தடங்களையும் அழிக்காமல் விடுவது சோம்பேறித்தனமா?

‘சோம்பேறித்தனமா’ என்று கேட்டுவிட்டீர்கள், அதனால்தான் எழுத வந்தேன். மரியோ கார்ட் டிஎஸ் என்ற நின்டெண்டோவின் குட்டிக்கார் ரேஸ் கேமுக்குள் யாரும் ஓட்டாத தடங்கள் கிடப்பதை எங்கேயோ பார்த்திருப்பீர்கள். 2005இல் வந்த அந்த கேமில் ‘டெஸ்ட் சர்க்கிள்’ என்று ஒரு வெறும் வட்டப் பாதை இருக்கிறது. சீட் கருவி (கேமை ஏமாற்றி மறைந்ததைத் திறக்கும் கருவி) இல்லாமல் அங்கே போக முடியாது. பெயரே சொல்கிறது, ஓட்டிப் பார்க்கப் போட்டது என்று. உடனே ‘குப்பையைக் கூட்டாமல் வித்துட்டாங்கள்’ என்று நினைத்திருப்பீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கை முனையில் ஒரு நானா (முஸ்லிம் அண்ணன்) கேம் கடை வைத்திருந்தார். நாலு பிளேஸ்டேஷன், நாலும் எந்த நாட்டு சிடியும் ஓட சிப் போட்டவை. அரை மணித்தியாலம் 20 ரூபா. மூன்றாவது டிவி மட்டும் பழசு. அமெரிக்க சிடியைப் போட்டால் அதில் கலர் வராது, கறுப்பு வெள்ளைதான். டிவிக்குக் கலர் அனுப்ப நாட்டுக்கு நாடு வேறு முறை: எங்கள் நாட்டு டிவி ‘பால்’ (PAL) முறை, அந்த சிடி ‘என்டிஎஸ்சி’ (NTSC) முறை. அதில் யாரும் உட்கார மாட்டார்கள் என்பதால் எனக்கு 15 ரூபாவுக்கு விடுவார். கிராஷ் டீம் ரேசிங்கை, 1999இல் நாட்டி டாக் செய்த கேம், நான் முழுக்க முழுக்கக் கறுப்பு வெள்ளையில்தான் விளையாடினேன்.

ஒருநாள் நானா சிகரெட் மட்டையில் எழுதிய ஒன்றை நீட்டினார். மெனுவில் எல்1, ஆர்1 இரண்டையும் அமத்திப் பிடித்துக்கொண்டு கீழே, வலம், முக்கோணம், கீழே, இடம், முக்கோணம், மேலே. பென்டா என்று ஒரு பென்குயின் வந்து நின்றது. கறுப்பு வெள்ளை டிவியில் கறுப்பு வெள்ளைப் பென்குயின், எனக்கு ஒரு நட்டமும் இல்லை. ஆனால் அது வாயைத் திறந்தால் ‘பென்குயின் யே ஒன்’, ‘பென்குயின் யே டூ’ என்று ஏதோ இலக்கம் வாசித்தது.

“நானா, இவன் என்ன சொல்றான்?”

“அது இங்கிலிஷ் தம்பி. நீ பாதையப் பாத்து ஓட்டு.”

என் இங்கிலிஷ்தான் சரியில்லை என்று பல வருடம் நம்பினேன். சொஃப்ட்வெயார் வேலைக்கு வந்த பிறகுதான் விளங்கியது. ‘பென்குயின் யே ஒன்’ என்றால் பென்குயின் சந்தோஷப்படும் சத்தம், இலக்கம் ஒன்று. உண்மையான சத்தம் வரும்வரை யாரோ லேபலையே மைக்கில் வாசித்து இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்கப் பதிப்பு அப்படியே கடைக்குப் போய்விட்டது. ஐரோப்பியப் பதிப்பில் மாற்றிவிட்டார்கள், அது பால் முறைதான். நானா அந்த சிடியை வாங்கியிருந்தால் எனக்குக் கலரும் கிடைத்திருக்கும், இந்தக் கதை கிடைத்திருக்காது.

சரி, ஏன் கழற்றவில்லை? நான் கேம் எழுதுகிறவன் அல்ல, அதை முதலே சொல்லிவிடுகிறேன், ‘உனக்கென்ன தெரியும்’ என்று கீழே வந்து நிற்க வேண்டாம். நான் எழுதியது பில் கட்டும் ஆப். அதில் பாவிக்காத ஐகன் படம் ஒன்று கிடந்தது. கொடுக்க வேண்டிய நாளுக்கு முதல் இரவு, பதினொரு மணிக்கு, வீட்டைக் கூட்டுகிற மாதிரி அதை அழித்தேன். படங்களைப் பெயரால் அல்ல, வரிசை இலக்கத்தால் கூப்பிடுகிறோம் என்பது மறந்துவிட்டது. அதற்குப் பின்னால் இருந்தவை எல்லாம் ஒவ்வொரு இடம் முன்னுக்கு வந்தன. விடிந்து பார்த்தால் தண்ணி பில்லுக்கு மின்குமிழ், மின்சார பில்லுக்கு டெலிபோன். மனேஜர் அண்ணா என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் போனைத் திருப்பிக் காட்டினார். ஏசியிருந்தால் பரவாயில்லை.

அழிப்பதும் ஒரு மாற்றம்தான். மாற்றினால் முழுக்கத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும். சிடி அச்சுக்குப் போகும் வாரத்தில் அதற்கு நேரம் இருக்காது. அந்தத் தடம் தன்பாட்டுக்குக் கிடக்கட்டும், யாருக்கும் கடிக்காது.

டிபக் வசதிகளும் இதே கதைதான். கொனாமி கோட் என்று, பட்டன்களை ஒரு வரிசையில் அமத்தினால் கேமை லேசாக்கும் ரகசியத்தை, எல்லாரும் கொண்டாடுகிறோமே, 1986இல் கொனாமியின் கிரேடியஸ் கேமை ஃபமிகொம் என்ற நின்டெண்டோ மெஷினுக்கு மாற்றிய கசுஹிசா ஹாஷிமோட்டோவுக்குத் தன் கேமையே முடிக்க முடியாமல் கஷ்டமாக இருந்ததால், சோதித்துப் பார்க்கத் தனக்காகப் போட்ட குறுக்கு வழி அது. டிடி கொங் ரேசிங்கில் (1997) சீட் எழுதும் இடத்தில் ‘ஜூக்பொக்ஸ்’ என்று அடித்தால் பாட்டு மெனு. ‘ஈபிசி’ என்று அடித்தால் வருவது விளையாடுகிறவனுக்கு உதவாத ஒன்று. நின்டெண்டோ 64 புரொசஸரில், எந்த இடத்தில் இடறியது என்று குறித்து வைக்கிற ரெஜிஸ்டரின் (புரொசஸருக்குள் இருக்கும் சின்ன நினைவிடத்தின்) பெயர் அது. கேம் இறுகி நின்றால் காரணம் தேடுவதற்கென்று செய்தவர்கள் வைத்தது, வெளியே வந்துவிட்டது. கதவைப் பூட்ட மறந்தவனைச் சோம்பேறி என்று சொல்வீர்களா? சொன்னாலும் சொல்வீர்கள்.

எல்லா மிச்சத்துக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. இது கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், இருந்தாலும் சொல்கிறேன். கொழும்பில் தமிழ் எழுத்து எப்போதும் ‘பிறகு போடலாம்’ கணக்கில்தான். எங்கள் ஆப்பிலும் தமிழ்த் திரைதான் கடைசி. ஒருமுறை பஸ்ஸில் கர்ப்பிணித் தாய்மாருக்கான சீட்டுக்கு மேல் ‘தாய்மார்’ என்பதில் தா போய் நா வந்திருந்தது. பக்கத்தில் இருந்த அக்கா அதை வாசித்துவிட்டு, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அமெரிக்காவில் பென்குயினுக்கு நடந்ததைப் பார்த்துச் சிரிக்கலாம். இதற்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. தமிழ் தெரிந்த ஒருவரிடம் அச்சடிக்க முதல் ஒருதரம் காட்டியிருந்தால் போதும்.

அந்த ஐகனை அன்றைக்கே பழைய இடத்தில் திரும்ப வைத்தேன். நான் அங்கிருந்து விலகி நாலு வருடம். போன மாதம் ஆப் அப்டேட் ஆனபோது ஆசைக்குப் பிரித்துப் பார்த்தேன், ஏழாவது இடத்தில் அப்படியே இருக்கிறது.