அதிகம் பேர் படிக்காத, ஆனால் நீங்கள் விடாமல் சிபாரிசு செய்யும் தமிழ்ப் புத்தகங்கள் எவை? கதை, கவிதை தவிர வேறு துறைகளிலும் சொல்லுங்கள்.

'கதை, கவிதை தவிர' என்று கேட்டிருப்பதால்தான் எழுத உட்கார்ந்தேன். இல்லாவிட்டால் எல்லாரும் சொல்லும் அதே பத்து நாவல்களை நானும் சொல்லிவிட்டுப் போயிருப்பேன்.

நான் தமிழ் படித்தவன் இல்லை. பி.காம்., கணக்கு எழுதிப் பிழைப்பு. ஒரு புத்தகத்தை எடுக்கலாமா வேண்டாமா என்று பார்க்க எனக்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. எழுதியவர் வயிற்றுப்பாட்டுக்கு வேறு ஏதோ வேலை பார்த்துக்கொண்டு, யாரும் கேட்காத ஒரு விஷயத்தை வருஷக்கணக்காகப் பிடித்துத் தொங்கியவரா? ஆமாம் என்றால் எடுத்துவிடுவேன். இந்த வழி இதுவரை என்னை ஒரே ஒரு முறைதான் கவிழ்த்திருக்கிறது. அதைக் கடைசிப் பக்கமாகச் சொல்கிறேன்.

முதல் புத்தகம் மயிலை சீனி. வேங்கடசாமியின் 'மறைந்துபோன தமிழ் நூல்கள்'. வந்தது 1959இல். பெயரில் உள்ளதுதான் உள்ளேயும்: இன்று நம் கையில் இல்லாத நூல்களின் பட்டியல். இல்லாத புத்தகத்தைப் பற்றி என்ன எழுத முடியும் என்றுதான் நானும் நினைத்தேன். பழைய உரையாசிரியர்கள் போகிற போக்கில் ஒரு பெயரைச் சொல்லியிருப்பார்கள், இரண்டு வரியை மேற்கோள் காட்டியிருப்பார்கள். அந்தத் துண்டுகளை எல்லாம் பொறுக்கி எடுத்து, இது காவியம், இது இசை நூல், இது நாடக நூல், இது இலக்கணம் என்று வகைபிரித்து வைத்திருக்கிறார். தகடூர் யாத்திரை என்று ஒரு நூல். அதியமானின் தகடூரைச் சேரன் முற்றுகையிட்ட போரைப் பாடியது. அதில் சில பாடல்கள் மட்டும் புறத்திரட்டு என்ற பழைய பாடல் தொகுப்பிலும் உரைகளிலும் தப்பிக் கிடக்கின்றன. வளையாபதி ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தோமே, அதில் மிஞ்சியது எழுபது பாடல் சொச்சம்.

இந்த வளையாபதி விஷயத்தில் எனக்கு இன்னும் ஆறாத ஒரு வருத்தம் உண்டு. திருவாவடுதுறை மடத்தில் தன் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இருந்த காலத்தில் வளையாபதிச் சுவடியைக் கண்ணால் பார்த்திருப்பதாகவும், அப்போது அந்த மாதிரி பழைய நூல்களில் தனக்கு நாட்டம் இல்லை என்றும், பிறகு தேடியபோது கிடைக்கவில்லை என்றும் உ.வே.சா.வே எழுதியிருக்கிறார். உ.வே.சா.வுக்கே இந்தக் கதி! அதைப் படித்த பிறகு மயிலையாரின் பட்டியலில் ஒவ்வொரு பெயரையும் சாவு வீட்டில் பெயர் வாசிக்கிற மாதிரிதான் வாசித்தேன்.

மயிலையார் மயிலாப்பூரில் ஆரம்பப்பள்ளி வாத்தியாராக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பௌத்தம், சமணம், கிறித்தவம் மூன்றும் தமிழுக்குச் செய்ததைத் தனித்தனிப் புத்தகமாக எழுதியவரும் அவரே. அவர் நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் காசு கொடுக்காமலே படிக்கலாம்.

அடுத்தது பறவை. பி.எல். சாமி புதுச்சேரி அரசில் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர். கோப்புகளுக்கு நடுவே இவர் பார்த்த வேலை, சங்கப் பாடல்களில் வரும் ஒவ்வொரு செடியும் விலங்கும் பறவையும் இன்று நாம் எதை என்ன பெயரில் சொல்கிறோம் என்று கண்டுபிடிப்பது. செடிகொடிக்கு ஒரு புத்தகம், விலங்குக்கு ஒன்று, பறவைக்கு ஒன்று. நான் சொல்வது மூன்றாவதை: 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்'.

அன்றில் என்றால் நமக்கு என்ன தெரியும்? ஜோடி பிரிந்தால் செத்துப்போகும் பறவை, சினிமாப் பாட்டுக்கு உதவும், அவ்வளவுதான். அன்னம் பாலைப் பிரிக்கிற மாதிரி இதுவும் ஒரு கட்டுக்கதைப் பறவை என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன். குறுந்தொகை 160ஆம் பாட்டில் 'நெருப்பின் அன்ன செந்தலை அன்றில் இறவின் அன்ன கொடுவாய்ப் பெடையொடு' என்று வருகிறது. தலை நெருப்பு மாதிரி சிவப்பு. அலகு இறால் மாதிரி வளைவு. சாமி இந்த மாதிரி அடையாளங்களை ஒவ்வொரு பாட்டிலிருந்தும் எடுத்துக் கோத்து, இது அரிவாள் மூக்கன் இனத்துப் பறவை என்கிறார். ஒரு வேலையாகத் திருநெல்வேலிப் பக்கம் போனபோது, பஸ் ஜன்னல் வழியாக அறுத்த வயலில் கறுப்பாக ஒன்று நடந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். உச்சந்தலையில் சிவப்பு, கீழ்நோக்கி வளைந்த நீள மூக்கு. அலகுக்கு உவமையாக இறாலைத் தேடிப் பிடித்தவன் மீன் கடையையும் வயலையும் ஒழுங்காகப் பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும். பக்கத்து சீட்டுக்காரரிடம் 'அன்றில் சார்' என்று சொல்லி, அவர் என்னை ஒரு மாதிரி பார்த்ததும் நடந்தது.

ஒரு எச்சரிக்கை: சாமியின் நடை வறட்டு நடை. கதை மாதிரி ஒரே மூச்சில் போகாது. நாள் ஒன்றுக்கு ஒரு பறவை என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

மருத்துவம் வேண்டுமென்றால் யாழ்ப்பாணம் போக வேண்டும். சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர், மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் ஊர்க்காரர், 1847இல் மிஷன் ஊழியராக அங்கே வந்தார். பிறகு மானிப்பாயில் இருந்துகொண்டு உள்ளூர்ப் பையன்களுக்கு மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுக்கப் புத்தகம் வேண்டுமே? அதற்காக உடற்கூறு, அறுவை, பிரசவம் என்று ஒவ்வொன்றாகத் தமிழில் கொண்டுவந்தார். எல்லாம் சேர்ந்து 4,000 பக்கங்களுக்கு மேல். 1867இல் வந்த அறுவை மருத்துவ நூலுக்கு 'இரண வைத்தியம்' என்று பெயர். உடற்கூற்று நூலின் பெயர் மட்டும் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்'. இதை ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். இதைப் படித்துப் பாஸ் செய்த பையன்களுக்கு அறுவை எல்லாம் சுலபமாகத்தான் இருந்திருக்கும்.

கிறீனின் கல்லறை வூஸ்டரில் இருக்கிறது. தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று அதில் பொறித்திருக்கிறது. இவர் கதையை முழுதாகச் சொல்லும் புத்தகம் கவிஞர் அம்பி எழுதிய 'கிறீனின் அடிச்சுவடு'. அம்பியும் பள்ளி ஆசிரியர்தான், என் கணக்குக்குள் கச்சிதமாக வந்துவிடுகிறார். மெலிந்த புத்தகம். நூலகம் என்ற பெயரிலேயே இருக்கும் ஈழத்து மின்நூலகத்தில் தேடுங்கள். மருத்துவத்தைத் தமிழில் படிக்க முடியுமா என்று இங்கே நாம் இன்னும் விவாதம் செய்துகொண்டிருக்கிறோம், அந்த விவாதத்தில் இந்தப் பெயர் ஒரு தடவைகூட என் காதில் விழுந்ததில்லை.

அப்புறம் வரலாறு. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் பலரும் சொல்வார்கள். பன்னிரண்டு தொகுதி, பார்த்ததும் மலைப்பு வரும். அதற்குப் பதில் 'இரண்டாம் வீராநாயக்கர் நாட்குறிப்பு' எடுங்கள். அதே புதுச்சேரி. ஆனால் எழுதியவர் பிள்ளையைப் போல துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர் இல்லை, ஊர்க்காவலைக் கவனித்த நயினார். 1778 முதல் 1792 வரை. பிரெஞ்சுப் புரட்சி இந்தக் காலத்துக்குள்தான் வருகிறது. ஓர்சே மா. கோபாலகிருஷ்ணன் பதிப்பித்தது. பேச்சுமொழியில் எழுதியிருப்பதால் முதல் இருபது பக்கம் கல்லும் முள்ளுமாக இருக்கும், பிறகு பழகிவிடும். என் பிரதியை ஒரு நண்பர் வாங்கிப் போய் நான்கு வருஷம் ஆகிறது. கேட்டால் 'படிச்சிட்டே இருக்கேன்' என்கிறார். முதல் இருபது பக்கத்தில் நிற்கிறார் என்று நினைக்கிறேன்.

உப்பைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் இருக்கிறது தெரியுமா? ஆ. சிவசுப்பிரமணியனின் 'உப்பிட்டவரை'. இவர் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர், உப்பளம் பக்கத்திலேயே. சடங்கு, பழமொழி, வரி, வியாபாரம் என்று உப்பு எங்கெல்லாம் கரைந்திருக்கிறதோ அங்கெல்லாம் போகிறார். கதை வேண்டாம் என்றீர்கள், ஆனாலும் இதைப் படித்த கையோடு ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' நாவலையும் எடுத்துவிடுங்கள். முன்னதில் உப்பின் வரலாறு வருகிறது. பின்னதில் அதை வாரும் ஆட்களின் கால்.

பயணத்துக்கு ஏ.கே. செட்டியாரின் 'அண்ணல் அடிச்சுவட்டில்'. 1937 அக்டோபர் 2ஆம் தேதி, நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகும் கப்பலில் இவருக்குக் காந்தியைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று தோன்றுகிறது. பையில் பணம் கிடையாது. யாரோ எப்போதோ எடுத்த காந்தி படச்சுருள்களைத் தேடி நாடு நாடாக அலைகிறார். 1940இல் படம் வந்துவிட்டது. அதை எப்படிச் செய்தேன் என்று அவர் தன் 'குமரி மலர்' பத்திரிகையில் எழுதியதை ஆ.இரா. வேங்கடாசலபதி தொகுத்திருக்கிறார். தன்னைப் பற்றி இவ்வளவு குறைவாகப் பேசிக்கொண்டு இவ்வளவு பெரிய காரியத்தைச் சொன்னவர் தமிழில் வேறு யாரும் எனக்குத் தெரியாது.

அகராதி படிக்கிற பைத்தியம் உங்களுக்கு இருந்தால் கி. ராஜநாராயணன் தொகுத்த 'வட்டார வழக்குச் சொல்லகராதி', பெருமாள்முருகனின் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' இரண்டையும் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் வராத ராத்திரிக்கு நல்லது. விளக்கம் தேவையில்லை.

சரி, என்னைக் கவிழ்த்த புத்தகம். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதரின் 'கருணாமிர்த சாகரம்', 1917. சித்த மருந்து விற்றுச் சம்பாதித்த பணத்தை இசை ஆராய்ச்சியில் கொட்டியவர். சொந்தச் செலவில் தஞ்சையில் சங்கீத மாநாடுகள் நடத்தியவர். என் விதிப்படி இதைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. ஆனால் புத்தகம் ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். ஒரு ஸ்தாயிக்குள் வரும் சுருதி, அதாவது நுண்ணிய ஒலிப்படி, இருபத்திரண்டு இல்லை, இருபத்துநான்கு என்று நிறுவ அவர் போடும் கணக்குகளைக் கணக்கனான என்னாலேயே தொடர முடியவில்லை. பாதியில் வைத்துவிட்டேன். இசை தெரிந்த யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப்போனால் மறுபடி தொடங்கத் தயார்.

கடைசியாக, என் தொழிலுக்கு நெருக்கமான ஒன்று: காரி நாயனாரின் 'கணக்கதிகாரம்'. பழைய கணக்கு நூல், எல்லாம் பாட்டு. நிலம் அளப்பது, பொன் நிறுப்பது, நெல் அளப்பது என்று போகும். அதில் ஒரு வெண்பா பலாப்பழத்தை வெட்டாமலே சுளையை எண்ணச் சொல்லித் தருகிறது. காம்புக்கு அருகில் இருக்கும் சிறுமுள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளையின் எண்ணிக்கை. வாட்ஸப்பில் 'நம் முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை' வகையறாவோடு இந்தப் பாட்டு வருஷா வருஷம் சுற்றும். அனுப்புகிறவர்களில் எத்தனை பேர் பழத்தை வெட்டிப் பார்த்தார்களோ.

என் மாமனார் வீடு பண்ருட்டிப் பக்கம், பழத்துக்குப் பஞ்சமில்லை. போன ஆனியில் மச்சானும் நானும் உட்கார்ந்தோம். முதல் சிக்கல், காம்புக்கு அருகில் என்றால் எதுவரை? ஒரு வரிசையா, இரண்டு வரிசையா? பாட்டு சொல்லவில்லை. நான் ஒரு வட்டத்தை எண்ணினேன், மச்சான் இரண்டு வட்டம் என்று சண்டை போட்டான். என் கணக்குக்கு 48 வந்தது, அவன் கணக்குக்கு 102. வெட்டி எண்ணியபோது 87. சின்னதாகச் சப்பிப் போனதையும் சுளையில் சேர்க்கலாமா என்று கேட்டு மச்சான் இன்னும் ஒரு பதினொன்றைத் தேற்றப் பார்த்தான். அதற்குள் பிள்ளைகள் பாதியைத் தின்றுவிட்டதால் மறு எண்ணிக்கை நடத்த முடியவில்லை.