தம்பியை வெளிநாட்டு கிளப்புக்கு அனுப்பலாமா?

கேள்வி: எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பக்கம். தம்பிக்கு 20 வயது, கால்பந்தில் இடது விங்கில் ஆடுவான். கல்லூரி அணியிலும் ஊர் கிளப்பிலும் இருக்கிறான். சீசன் வந்தால் மலப்புறம் பக்கம் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) ஆடப் போவான். அங்கே அவன் ஆட்டத்தைப் பார்த்த ஏஜென்ட் ஒருவர், கிழக்கு ஐரோப்பாவில் ஒரு இரண்டாம் டிவிஷன் கிளப் அவனை எடுக்கத் தயாராக இருக்கிறது என்கிறார். விசா, டிக்கெட், டிரையல்ஸ் கட்டணம், ஐ.டி.சி. கட்டணம் என்று பிரித்து எழுதி மொத்தம் 3,80,000 ரூபாய் கேட்கிறார். போன வாரம் 25,000 ரூபாய் முன்பணம் ஜிபேயில் அனுப்பிவிட்டோம். அப்பா தங்கல் போட்டில் (பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் படகு) போகிறவர். மீதிப் பணத்துக்கு அம்மாவின் நகையைத்தான் அடகு வைக்க வேண்டும். "பந்து ஆடியே எத்தனையோ நாடு சுற்றியவர்கள் இருக்கிறார்களே, எனக்கு மட்டும் ஏன் முடியாது?" என்று தம்பி கேட்கிறான். ஏஜென்ட் கொடுத்த கடிதத்தின் போட்டோவை அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: நகையை அடகு வைக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். தம்பியின் ஆட்டத்தைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அவன் நல்ல ஆட்டக்காரனாகவே இருக்கலாம். ஆனால் கால்பந்துத் தொழிலில் பணம் கிளப்பிலிருந்து வீரனுக்கு வரும். வீரன் வீட்டிலிருந்து கிளப்புக்குப் போகாது. ஒரு கிளப்புக்கு உண்மையிலேயே ஒருவன் வேண்டுமென்றால் டிக்கெட்டையும் தங்குமிடத்தையும் விசா வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஏஜென்டுக்குக் கூலி, வீரன் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகு அதிலிருந்து போகும் கமிஷன்தான்.

அந்தக் கணக்குச் சீட்டில் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டாலே மற்றதெல்லாம் விளங்கிவிடும். 'ஐ.டி.சி. கட்டணம் 45,000' என்று எழுதியிருக்கிறார். ஐ.டி.சி. என்பது ஒரு நாட்டின் கால்பந்துச் சங்கத்தில் பதிவாகியிருக்கும் வீரனை இன்னொரு நாட்டின் சங்கத்துக்கு மாற்றித் தரும் சான்றிதழ். அது இல்லாமல் வெளிநாட்டு லீக்கில் அதிகாரப்பூர்வமாக ஒரு நிமிடம்கூட ஆட முடியாது. புதிய நாட்டின் சங்கம் கேட்கும், நம் அகில இந்தியக் கால்பந்துச் சங்கமான ஏ.ஐ.எஃப்.எஃப். கொடுக்கும். எல்லாமே உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபாவின் கணினி வழியாக நடக்கும். வீரன் எங்கும் போய் வாங்குகிற காகிதம் இல்லை அது. அதைக் கட்டணமின்றி வழங்க வேண்டும் என்று ஃபிஃபாவின் மாற்ற விதிகளிலேயே இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் ஒன்றுக்கு உங்களிடம் 45,000 கேட்கிறார் என்றால், மற்ற வரிகளையும் எப்படி எழுதியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி அந்தக் கடிதம். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே கிளப்பின் சின்னம், கீழே ஒரு ரப்பர் ஸ்டாம்ப். தொடர்பு முகவரி கிளப்பின் சொந்த இணையதளத்துடையது இல்லை, யார் வேண்டுமானாலும் தொடங்கக்கூடிய ஜிமெயில். கையெழுத்துக்குக் கீழே 'மேலாளர்' என்று மட்டும் இருக்கிறது, பெயரே இல்லை. சம்பளம் மாதம் 1,200 யூரோ 'வரை' என்கிறார்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று இல்லை. 'மருத்துவப் பரிசோதனையில் தேறி, வொர்க் பெர்மிட் கிடைத்தால் மட்டுமே இந்த ஒப்பந்தம் செல்லும்' என்ற வரிதான் எனக்கு உறுதியாகக் காட்டிக்கொடுத்தது. ஒரு ஒப்பந்தம் செல்லுபடியாவதை மருத்துவப் பரிசோதனையோடும் வொர்க் பெர்மிட்டோடும் முடிச்சுப் போடக் கூடாது என்பது ஃபிஃபா விதி. பரிசோதனையையும் பெர்மிட்டையும் பார்த்துவிட்டுத்தான் கிளப் கையெழுத்துப் போட வேண்டும். ஃபிஃபா விதிப்படி எழுதப்பட்ட ஒப்பந்தம் குறைந்தது அந்த சீசன் முடியும் வரைக்காவது இருக்கும், அதிகபட்சம் 5 ஆண்டு. இதில் சீசனும் இல்லை, ஆண்டும் இல்லை. ஆக, உங்கள் கையில் இருப்பது ஒப்பந்தம் அல்ல.

அந்த ஏஜென்ட் யார் என்பதையும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். 2023 அக்டோபரிலிருந்து, வெளிநாட்டு மாற்றங்களில் வேலை செய்யும் ஏஜென்டுகள் ஃபிஃபாவின் தேர்வு எழுதி உரிமம் வாங்கியிருக்க வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் ஃபிஃபா இணையதளத்தில் பெயரோடு இருக்கிறது. கமிஷனுக்கு ஃபிஃபா வைத்த உச்சவரம்பு, ஐரோப்பாவில் நடந்த வழக்குகளால் நிறுத்திவைக்கப்பட்டது. உரிமம் வேண்டுமென்ற விதி அதற்குப் பிறகும் நின்றது. உரிம எண்ணைக் கேளுங்கள். "நான் பெரிய ஏஜென்டோட ஆள்" என்று பதில் வந்தால் அவரிடம் உரிமம் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி கேட்டது நியாயமான கேள்வி. ஊர் ஊராகப் போய் ஆடியே வாழ்ந்தவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஜெர்மனியின் கோல்கீப்பர் லுட்ஸ் ஃபானன்ஸ்டீல், ஃபிஃபாவின் ஆறு கண்டக் கூட்டமைப்புகளிலும் தொழில்முறையாக ஆடிய முதல் வீரர். மலேசியாவின் பினாங்கு, சிங்கப்பூர், தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து, கனடா, அல்பேனியா, ஆர்மீனியா, பிரேசில், நமீபியா என்று சுற்றியவர். உருகுவேயின் செபாஸ்டியன் அப்ரேயு 2017இல் சிலி நாட்டு கிளப் ஒன்றில் சேர்ந்தபோது அது அவருடைய 26ஆவது கிளப், கின்னஸ் சாதனையாகப் பதிவானது.

இந்தப் பெயர்களைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஃபானன்ஸ்டீல் சிங்கப்பூரில் ஆட்ட முடிவை விற்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு 101 நாள் சிறையில் இருந்தார். இங்கிலாந்தில் 2002இல் ஒரு ஆட்டத்தில் எதிரணி வீரரோடு மோதி மூச்சு நின்றுபோய், மைதானத்திலேயே உயிர் மீட்கப்பட்டார். அப்ரேயு இத்தனை கிளப் மாறியவர் என்றாலும், 2010 உலகக் கோப்பைக் காலிறுதியில் கானாவுக்கு எதிரான கடைசி பெனால்டியை அடித்து உருகுவேயைக் கரையேற்றிய தேசிய அணி வீரர். பணம் கட்டி உள்ளே போனவர் அல்ல.

நம் நாட்டு வீரர்களையும் பாருங்கள். பாய்ச்சுங் பூட்டியா 1999இல் இங்கிலாந்தின் பரி கிளப்புக்குப் போனபோது ஏற்கெனவே இந்திய அணியின் நட்சத்திரம். குர்பிரீத் சிங் சந்து ஈஸ்ட் பெங்காலில் இருந்து 2014இல் நார்வேயின் ஸ்டாபெக்குக்குப் போனார். சுனில் சேத்ரியின் கதையைத் தம்பிக்கு அவசியம் சொல்லுங்கள். 2009இல் லண்டனின் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அவரை எடுக்கத் தயாராக இருந்தது. ஃபிஃபா தரவரிசையில் இந்தியா முதல் 70 இடங்களுக்குள் இல்லை என்று வொர்க் பெர்மிட் மறுக்கப்பட்டது. இந்திய அணிக்குக் கோல் அடிக்கும் ஆளுக்கே அந்தக் கதி. கிளப்பின் விருப்பம் ஒன்று, அந்த நாட்டின் அனுமதி இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால்தான் போக முடியும். அதனால்தான் சுற்றுலா விசாவில் கூட்டிப்போய் "அங்கே போய் மாற்றிக்கலாம்" என்று சொல்கிறவரை நம்பக் கூடாது. சுற்றுலா விசாவில் இருந்துகொண்டு சம்பளத்துக்கு ஆடினால் சட்டத்தை மீறியவன் உங்கள் தம்பிதான். கிளப் கைகழுவிவிடும்.

மலப்புறத்தில் தம்பியோடு செவன்ஸ் ஆடும் நைஜீரியா, கானா, ஐவரி கோஸ்ட் பையன்கள் இருப்பார்களே, அவர்களிடம் உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள். வெளிநாட்டில் ஊர் சுற்றிப் பந்தாடி வயிறு வளர்ப்பது எப்படி என்று அவர்களைவிட யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். யாரோ ஒருவர் பேச்சை நம்பிக் கடன் வாங்கி வந்து, சொன்ன கிளப்பே இல்லாமல், திரும்பிப் போக டிக்கெட்டுக்கும் வழியில்லாமல் நின்றவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். சீசன் முடிந்தால் வருமானமும் முடிந்தது. இந்தப் பேச்சு, நானோ நீங்களோ சொல்லும் புத்திமதியைவிடத் தம்பியின் மனதில் நன்றாகப் பதியும்.

சரி, முறையான கிளப்பாகவே இருக்கட்டும். அங்கேயும் சம்பளம்தான் பெரிய தலைவலி. வீரர்களின் உலகச் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2016இல் 54 நாடுகளில் கிட்டத்தட்ட 14,000 பேரிடம் எடுத்த கணக்கில், 41 சதவீதம் பேருக்கு முந்தைய இரண்டு சீசனில் சம்பளம் தாமதமாகியிருந்தது. 45 சதவீதத்துக்கும் மேல் மாதம் 1,000 டாலருக்குக் குறைவாகவே வாங்கினார்கள். டிவியில் பார்க்கிற கால்பந்து வேறு, இந்தக் கால்பந்து வேறு.

சம்பளம் நின்றால் என்ன செய்வது என்பதைப் போகும் முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும். நம் பையன்கள் பெரும்பாலும் இரண்டு தப்பில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, கோபத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிடுவது. அப்படி வந்தால் ஒப்பந்தத்தை முறித்தவன் வீரன் என்று ஆகி, அவனே நஷ்டஈடு கொடுக்க வேண்டிய நிலைகூட வரும். இன்னொன்று, "அடுத்த மாசம் சேர்த்துத் தர்றோம்" என்பதை நம்பி எழுத்தில் எதுவும் கேட்காமல் ஆடிக்கொண்டே இருப்பது. சரியான வழி இது: இரண்டு மாதச் சம்பளம் உரிய தேதியில் வரவில்லை என்றால், கிளப்புக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து, பாக்கியை முழுதாகக் கட்ட 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்குள் பணம் வரவில்லை என்றால், நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள வீரனுக்கு உரிமை உண்டு. பிறகு ஃபிஃபாவின் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். வீரர்களின் வழக்குகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. ஆனால் சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கையில் கையெழுத்தான ஒப்பந்தமும் வங்கிக் கணக்கு விவரமும் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். சம்பளத்தை ரொக்கமாகத் தருகிறோம் என்றால் ஒத்துக்கொள்ளவே கூடாது. ரொக்கத்துக்குச் சாட்சி இல்லை.

ஒப்பந்தத்தில் காயத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். நம் மாவட்டத்து மைக்கேல் சூசைராஜை எல்லோருக்கும் தெரியும். இரவிபுத்தன்துறையிலிருந்து சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், ஏ.டி.கே. என்று படிப்படியாக ஏறியவர். 2020 நவம்பரில் அந்த ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு சீசனையே இழந்தார். பெரிய கிளப்பில் இருக்கும்போதே இப்படி நடக்கும் என்றால், மொழி தெரியாத ஊரின் இரண்டாம் டிவிஷனில் அறுவை சிகிச்சைக்கு யார் பணம் கட்டுவது, படுத்திருக்கும் மாதங்களில் சம்பளம் உண்டா என்பதெல்லாம் எழுத்தில் இருந்தே ஆக வேண்டும். வரி போகக் கையில் வருவது எவ்வளவு, வீட்டு வாடகை யாருடையது, திரும்பி வரும் டிக்கெட் உண்டா என்பதும் இருக்க வேண்டும். அந்த நாட்டு மொழியில் மட்டும் ஒப்பந்தம் கொடுத்தால், படித்துப் புரிந்துகொள்ள ஆங்கிலப் பிரதி கேளுங்கள். இரண்டு பிரதிக்கும் வித்தியாசம் வந்தால் எது செல்லும் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

அடுத்து தம்பி என்ன செய்ய வேண்டும்? செவன்ஸில் கை தட்டு வாங்குவான், பணமும் வரும். ஆனால் அந்த ஆட்டங்கள் பெரும்பாலும் சங்கத்தின் பதிவுக்குள் வருவதில்லை. வெளிநாட்டு கிளப் ஒன்று அவன் பெயரைத் தேடினால் ஒன்றுமே கிடைக்காது. ஊர் கிளப் மாவட்டச் சங்கத்தில் சேர்ந்திருக்கிறதா, ஏ.ஐ.எஃப்.எஃப். கணினியில் அவன் பெயர் சரியான பிறந்த தேதியோடு பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வயதைக் குறைத்துப் போடச் சொல்பவர்கள் வருவார்கள். ஒருமுறை குறைத்தால் பாஸ்போர்ட்டும் பதிவும் ஒத்துப்போகாமல் வாழ்நாள் முழுக்க இழுக்கும். பதிவில் ஊர் கிளப்புக்கும் நன்மை இருக்கிறது. நாளைக்கு அவன் ஒரு கிளப்பிலிருந்து இன்னொரு நாட்டு கிளப்புக்குப் பணத்துக்கு மாறினால், அந்தத் தொகையில் 5 சதவீதம் 12 முதல் 23 வயது வரை அவனை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்படும். பதிவே இல்லாத கிளப்புக்கு ஒரு பைசாவும் வராது.

பிறகு சென்னை லீக்கில் ஒரு சீசன் ஆடட்டும், அங்கிருந்து தேசிய அளவிலான லீக்கின் கீழ் டிவிஷன்களுக்கு முயற்சி செய்யட்டும். முழு ஆட்டத்தின் வீடியோ இரண்டு மூன்றாவது வைத்திருக்கட்டும். பாட்டுப் போட்டு வெட்டி ஒட்டிய கோல் வீடியோவை எந்தப் பயிற்சியாளரும் நம்ப மாட்டார். பந்து காலில் இல்லாத நேரத்தில் பையன் எங்கே நிற்கிறான், பந்தை இழந்தால் திரும்பி ஓடுகிறானா என்றுதான் பார்ப்பார்கள்.

இதைப் படிக்கும் மற்ற குடும்பங்களுக்கும் ஒன்று. வளைகுடா அல்லது மலேசியாவில் 'கம்பெனி டீமில் வேலையும் ஆட்டமும்' என்று அழைப்பு வந்தால், அது வேலைக்குப் போவதுதான். ஆள் அனுப்புகிறவர் மத்திய அரசில் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும்தான். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டுக்கு இந்த நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வேண்டும்.

கடைசியாக, நீங்கள் கொடுத்த 25,000 ரூபாய். ஏஜென்டுக்கு இன்றே வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள்: ஃபிஃபா உரிம எண், கிளப்பின் சொந்த முகவரியிலிருந்து எங்களுக்கு நேரடியாக ஒரு மின்னஞ்சல், தேதியும் சம்பளமும் உள்ள ஒப்பந்தம் ஆகிய மூன்றும் ஒரு வாரத்துக்குள் வேண்டும், இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று. போனில் பேசி முடிக்காதீர்கள். ஜிபே ரசீதையும், அவர் எழுதித் தந்த கணக்குச் சீட்டையும், கடிதத்தையும் பத்திரமாக வையுங்கள். பதில் வரவில்லை என்றால் இந்தக் காகிதங்களோடு உள்ளூர் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். அங்கே வாங்கவில்லை என்றால் நாகர்கோவில் எஸ்.பி. அலுவலகத்துக்குப் போங்கள். போனில் ஏமாற்றிப் பறித்த பணத்துக்கான 1930 எண்ணிலும் சொல்லி வையுங்கள். தம்பியின் பாஸ்போர்ட் அசலை அவரிடம் கொடுத்திருந்தால் இதையெல்லாம் தொடங்கும் முன் அதைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.