படகு விற்ற பணத்தை எங்கே வைப்பது?

அண்ணே, மண்டபத்தில் விசைப்படகை விற்ற 18 லட்சம் கையில் இருக்கிறது, மீன்பிடித் தடைக்காலம் முடியும் ஜூன் 14-க்குள் வேறு படகு அமைந்தால் உடனே பணத்தை எடுக்க வேண்டும், அதுவரை எங்கே வைப்பது என்று கேட்டிருந்தீர்கள்.

முழுவதையும் ஒரே வங்கியில் போடாதீர்கள். வங்கி முடங்கினால் டெபாசிட் காப்பீட்டில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் கிடைக்கும், அதுவும் வட்டியோடு சேர்த்து. ராமநாதபுரம் கிளை, ராமேஸ்வரம் கிளை என்று பிரித்தாலும் ஒரே வங்கி என்றால் எல்லாம் சேர்த்து அதே 5 லட்சம்தான். அதனால் மூன்று வங்கிகளில் தலா நாலரை லட்சம் போடுங்கள். மீதி நாலரை லட்சத்தை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் வையுங்கள், அது அரசுப் பொறுப்பு. ஆனால் அங்கே 10-ஆம் தேதிக்குள் போட்டால்தான் அந்த மாத வட்டி. பெரிய தொகை எடுப்பதாக இருந்தால் முன்னாலேயே சொல்லிவையுங்கள்.

வட்டி கூடத் தருகிறோம் என்று சங்கம், சீட்டு, நிதி நிறுவனம் என யார் வந்தாலும் வேண்டாம். அவற்றுக்கு இந்தக் காப்பீடு கிடையாது. என் மாமா ஒரு சங்கத்தில் போட்டுவிட்டு, உப்புக்காற்றில் மை மங்கிய ரசீதை பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்துக்கொண்டு இன்னும் அலைகிறார்.

அப்புறம், எல்லாக் கணக்கிலும் அண்ணியை நாமினியாகப் போட்டுவிடுங்கள்.