ஊர்வலம் போனது, பலன் வந்ததா?

கேள்வி: அரசின் சுகாதார விழிப்புணர்வுப் பிரசாரம் பலன் தந்ததா என்று எப்படி அளப்பது?

பதில்: முப்பது வருஷம் தணிக்கையில் இருந்தவன் நான். துறைகளின் கோப்பில் எத்தனை துண்டறிக்கை, எத்தனை ஊர்வலம் என்றுதான் எழுதியிருப்பார்கள். அது செலவுக் கணக்கு, பலன் அல்ல.

அமெரிக்க நாடாளுமன்றம் 1998 முதல் 2004 வரை, இளைஞர்களுக்கான போதை எதிர்ப்பு விளம்பரங்களுக்கு 120 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. பிள்ளைகளுக்கு விளம்பரம் நன்றாகவே நினைவிருந்தது. பழக்கம் குறைந்ததற்குத்தான் சான்று கிடைக்கவில்லை. 2006-ல் அந்நாட்டுத் தணிக்கை அமைப்பே இதைச் சொல்லி, நிதியைக் கட்டுப்படுத்தப் பரிந்துரைத்தது.

என் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: பிரசாரம் தொடங்கும் முன்பு நிலைமையை அளந்தீர்களா? பெரும்பாலும் பதில் வராது, திறப்புவிழாப் படங்கள்தான் வரும்.