7.71 தவறான விடையா?

அன்புள்ள ஐயா,

என் மகள் பள்ளி ஆய்வகத்தில் ஓர் இரும்புத் துண்டின் அடர்த்தியைக் கணக்கிட்டாள். நிறை 54 கிராம். அளவு ஜாடியில் 50 மி.லி.யில் நின்ற தண்ணீர், துண்டைப் போட்டதும் 57க்கு ஏறியது. 54ஐ 7ஆல் வகுத்து 7.71 என்று எழுதினாள். புத்தகத்தில் 7.87 என்று இருப்பதால் மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். எங்கே தவறு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகளின் கணக்கு சரி. அந்த ஜாடியால் அதற்கு மேல் சொல்ல முடியாது, அவ்வளவுதான். மதிப்பெண் குறைத்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நிறையில் அரை கிராம் பிசகினால் விடை ஒரு சதவீதம்கூட நகராது. கன அளவில் அரை மி.லி. பிசகினால்? 7 என்று படித்தது உண்மையில் 6.5 என்றால் அடர்த்தி 8.3, 7.5 என்றால் 7.2. ஒவ்வொரு மி.லி.க்கும் ஒரு கோடு போட்ட ஜாடியில் இந்தப் பிசகு சாதாரணம். துண்டில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தாலும் கன அளவு கூடி, அடர்த்தி குறையும். ஆக, இந்த அளவீட்டை மட்டும் வைத்து அது இரும்பா, 7.3 அடர்த்தியுள்ள வெள்ளீயமா என்றே சொல்ல முடியாது.

இதைவிட நல்ல வழி உண்டு. மின்னணுத் தராசில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து, பூஜ்ஜியமாக்குங்கள். துண்டை நூலில் கட்டி, கையில் பிடித்தபடி முழுக்க மூழ்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக் கூடாது. தண்ணீர் துண்டை மேலே தள்ளுகிறது, துண்டு அதே விசையோடு தண்ணீரைக் கீழே தள்ளுகிறது. தராசு காட்டுவது, துண்டு இடம்பிடித்த அளவு தண்ணீரின் நிறை. ஒரு கிராம் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரு கன செ.மீ. என்பதால் அந்த எண்ணே கன அளவு. தராசு 6.9 காட்டினால் அடர்த்தி 7.83. ஜாடியின் கோடுகளோடு மல்லுக்கட்ட வேண்டியதே இல்லை.

அப்புறம், புத்தக எண்ணோடு விடை பொருந்தாதது எப்போதும் பிழையல்ல. காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், வேதிச்சேர்மங்களிலிருந்து எடுத்த நைட்ரஜனைவிட அரை சதவீதம் அடர்த்தி கூடியிருப்பதை ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு கண்டார். தன் அளவீட்டின் பிசகு அதைவிட மிகச் சிறியது என்று அவருக்குத் தெரிந்திருந்ததால் அந்த வித்தியாசத்தை ஒதுக்கவில்லை. 1894இல் அவரும் வேதியியலாளர் ராம்சேயும், காற்றில் கலந்திருந்த ஆர்கான் என்ற புதிய தனிமத்தை அறிவித்தது அதைத் துரத்திப் போனதால்தான்.

நோட்டில் 7.71ஐ அடிக்க வேண்டாம். பக்கத்திலேயே ‘7.2 முதல் 8.3 வரை இருக்கலாம்’ என்று மகளை எழுதச் சொல்லுங்கள்.